குளிர்காலத்தில் குடும்ப மலை விடுதியில் தங்குவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பனி விழும் மலைகளில், ஒரே குடும்பம் நடத்துகிற சின்ன விடுதிகளில் பல குளிர்காலங்கள் தங்கியிருக்கிறேன். முதல் முறையாகக் கிளம்புகிறவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அங்கே அறையின் கதகதப்பு, குழாயில் வரும் வெந்நீர், வாசலுக்கு வரும் பாதை எல்லாமே நாலைந்து பேர் ஒவ்வொரு நாளும் உழைத்து உண்டாக்குபவை. கீழே உள்ள பதில்களில் பெரும்பாலானவை அதிலிருந்து கிளைப்பவைதான்.

பெரிய ஹோட்டலுக்கும் இதற்கும் அப்படி என்ன வித்தியாசம்?

ஹோட்டலில் ஷிஃப்ட் முறை உண்டு. நள்ளிரவில் ஹீட்டர் நின்றுபோனாலும் போன் எடுக்க ஒருவர் விழித்திருப்பார். குடும்ப விடுதியில் விடியும் முன் எழுந்து வாசல் பனியை வாரித் தள்ளியவரே உங்களுக்குக் காலை உணவு பரிமாறுவார். மதியம் படுக்கை விரிப்பை மாற்றுவதும் அவர்தான், இரவு கொதிகலனுக்கு விறகு போடுவதும் அவர்தான். அதனால் எல்லாவற்றுக்கும் ஒரு நேரம் வைத்திருப்பார்கள்: சாப்பாட்டுக்கு, வெந்நீருக்கு, வெளிக்கதவைச் சாத்துவதற்கு. அந்த நேரங்களைக் கெடுபிடி என்று சிலர் நினைக்கிறார்கள். நாலு பேரை வைத்துக்கொண்டு பனிக்காலத்தில் ஒரு வீட்டை ஓட்ட வேறு வழி கிடையாது.

அதே காரணத்தால்தான் வேறெங்கும் கிடைக்காத ஒன்றும் அங்கே கிடைக்கிறது. வானத்தைப் பார்த்து "இன்று மதியத்துக்குமேல் அந்தப் பக்கம் போகாதீர்கள்" என்று சொல்ல, அந்த மலையிலேயே பிறந்து வளர்ந்த ஒருவர் உங்கள் மேசைக்கு வந்து நிற்பார்.

எந்த மாதம் போகலாம்?

வட அரைக்கோளத்தில் டிசம்பரிலிருந்து மார்ச் வரை, தென் அரைக்கோளத்தில் ஜூனிலிருந்து செப்டம்பர் வரை. சீசனின் தொடக்கத்தில் பனி மெலிதாக இருக்கும். கல்லும் புல்லும் எட்டிப் பார்க்கும். ஜனவரியில் குளிர் கடுமை, பகலும் குறைவு. என்னைக் கேட்டால் பிப்ரவரி கடைசி, மார்ச் முதல் வாரங்கள்தான் முதல் தடவைக்கு ஏற்றவை. பனி நன்றாகக் குவிந்திருக்கும், வெயிலும் நீண்டிருக்கும், பண்டிகை விடுமுறைக் கூட்டமும் ஓய்ந்திருக்கும். கூட்டம் இல்லாத வாரத்தில் விடுதிக்காரர்கள் உட்கார்ந்து பேசுவார்கள். அதற்காகவே நான் அந்த வாரங்களைத் தேர்ந்தெடுக்கிறேன்.

குளிர்காலத்தில் மலைக்குப் போவதே ஒரு காலத்தில் விசித்திரமாகத் தெரிந்தது. சுவிட்சர்லாந்தின் செயின்ட் மோரிட்ஸில் விடுதி நடத்திய யோஹானஸ் பாட்ரூட், 1864 இல் தன்னிடம் கோடையில் தங்கியிருந்த ஆங்கிலேயர் சிலரைக் குளிர்காலத்திலும் வந்து தங்கச் சொல்லி, பிடிக்காவிட்டால் செலவைத் தானே ஏற்பதாகப் பந்தயம் கட்டினார் என்று ஒரு கதை வழங்குகிறது. வந்தவர்கள் வசந்தகாலம் வரை இருந்துவிட்டுத்தான் திரும்பினார்களாம். ஆல்ப்ஸ் மலையின் குளிர்காலச் சுற்றுலாவுக்கு அதையே தொடக்கமாகச் சொல்கிறார்கள்.

புக் செய்யும்போது என்னென்ன கேட்க வேண்டும்?

எல்லோரும் அறை எப்படி இருக்கும், ஜன்னலிலிருந்து என்ன தெரியும் என்று கேட்கிறார்கள். அவை படத்திலேயே தெரிந்துவிடும். படத்தில் தெரியாதவற்றைக் கேளுங்கள். நாம் தூங்கப்போகிற இடம் எத்தனை மீட்டர் உயரத்தில் இருக்கிறது? கடைசி இரண்டு மூன்று கிலோமீட்டர் பாதையில் பனி அள்ளும் வண்டி வருமா, எத்தனை மணிக்கு வரும்? வண்டியை எங்கே நிறுத்தி எவ்வளவு தூரம் நடக்க வேண்டும், பெட்டிகளை யார் எடுத்து வருவார்கள்? அறைக்குள்ளேயே ஹீட்டர் உண்டா, அல்லது கூடத்தில் மட்டும்தான் கணப்பா? மின்சாரம் போனால் அறையின் சூடும் சேர்ந்து போய்விடுமா?

பாதை மூடி நம்மால் போக முடியாமல் போனால் முன்பணம் என்னவாகும் என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள். பனிப்புயலுக்கு நடுவில் போனில் அதைப் பேசுவது இரு தரப்புக்கும் வேதனை. முடிந்தவரை நேரடியாக அவர்களிடமே போன் செய்து பேசுங்கள். அந்த ஐந்து நிமிடப் பேச்சில், இவர்களை நம்பிப் போகலாமா என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும்.

உண்மையிலேயே எவ்வளவு குளிரும்?

ஒவ்வொரு 1000 மீட்டர் ஏற்றத்துக்கும் சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். அடிவாரத்து ஊர் 500 மீட்டரில் இருந்து அங்கே 8 டிகிரி காட்டினால், 2000 மீட்டரில் உள்ள விடுதியில் பூச்சியத்துக்குக் கீழே ஏறக்குறைய 2 டிகிரி இருக்கும் என்று கணக்குப் போடலாம். இந்தக் கணக்கு தலைகீழாகும் இரவுகளும் உண்டு. காற்று அசையாத, மேகமில்லாத இரவில் குளிர்ந்த காற்று கனத்து இறங்கிப் பள்ளத்தாக்கில் தேங்கிவிடும். அன்றைக்கு மேலே இருப்பவர்களைவிடக் கீழே இருப்பவர்கள்தான் அதிகம் நடுங்குவார்கள்.

காற்றையும் சேர்த்துப் பாருங்கள். மைனஸ் 5 டிகிரியில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசினால் உடம்புக்கு மைனஸ் 13 போலத் தெரியும். வெப்பநிலையை மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்புகிறவர்கள் முதல் வளைவிலேயே திரும்பி வருவதைப் பார்த்திருக்கிறேன்.

என்ன உடுப்பு எடுத்துப் போவது?

தடிமனான ஒரே கோட்டைவிட மெலிதான மூன்று அடுக்கு மேல். உடம்போடு ஒட்டிய தெர்மல், அதன்மேல் கம்பளி அல்லது ஃபிளீஸ், எல்லாவற்றுக்கும் மேலே காற்றும் ஈரமும் புகாத ஜாக்கெட். ஏறும்போது ஒன்றைக் கழற்றுங்கள், நிற்கும்போது போட்டுக்கொள்ளுங்கள். வியர்வையில் நனைந்த பிறகு வரும் குளிர்தான் மோசமானது.

பருத்தியை மட்டும் விட்டுவிடுங்கள். ஈரத்தைக் குடித்து வைத்துக்கொண்டு உடம்புச் சூட்டை உறிஞ்சும். ஜீன்ஸும் அதில் சேர்த்திதான். கம்பளி தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை இழுத்துக்கொண்டாலும் தொட்டால் நனைந்தது போல இருக்காது.

உடம்புச் சூட்டில் பாதி தலைவழியே போகிறது என்பார்கள். அது உண்மையில்லை, பத்தில் ஒரு பங்கு அளவுதான். ஆனால் காது சில்லிட்டால் நடக்கவே முடியாது என்பதால் குல்லா கட்டாயம் வேண்டும். கையுறை இரண்டு ஜோடி, சாக்ஸ் நாளைக்கு இரண்டு. ஷூவுக்குள் விரல்களை அசைக்க இடம் இருக்கட்டும். இறுக்கினால் ரத்த ஓட்டம் குறைந்து விரல் விறைக்கும். விடுதிக்குள் போட்டுக்கொள்ள ஒரு ஜோடி தடித்த சாக்ஸோ வீட்டுச் செருப்போ தனியாக எடுத்துக்கொள்ளுங்கள். பனி ஒட்டிய ஷூவோடு மரத்தரையில் ஏறினால், அதைத் துடைக்கப்போகிறவர் சற்று முன் உங்களுக்குத் தேநீர் கொடுத்தவராகத்தான் இருப்பார்.

சொந்த வண்டியில் போகலாமா?

பனிச் சாலையில் ஓட்டிப் பழக்கம் இல்லையென்றால் வேண்டாம். அடிவாரத்தில் வண்டியை விட்டுவிட்டு, விடுதிக்காரர் ஏற்பாடு செய்யும் வண்டியில் ஏறுங்கள்.

ஓட்டத்தான் போகிறீர்கள் என்றால் குளிர்கால டயர் வேண்டும், சங்கிலியும் வேண்டும். சங்கிலி மாட்டுவதை வீட்டிலேயே இரண்டு தடவை பழகிக்கொள்ளுங்கள். இருட்டில், விரல் விறைத்த நிலையில், பின்னால் வண்டிகள் ஹாரன் அடிக்க, முதல் முறையாக அதைக் கற்கக் கூடாது. நான்கு சக்கர இயக்கம் வண்டியைக் கிளப்ப உதவும், நிறுத்த உதவாது. மேடேறி வந்த நம்பிக்கையில் வேகமாக இறங்குகிறவர்கள்தான் பள்ளத்தில் போகிறார்கள்.

பாலத்தின் மேலும், நிழல் விழும் வளைவுகளிலும் தார் ஈரமாக மினுங்குவது போலத் தெரிந்தால் அதைத் தண்ணீர் என்று நம்பாதீர்கள். அங்கே பிரேக்கை அழுத்தாமல் முன்கூட்டியே வேகத்தைக் குறைத்துக் கடக்க வேண்டும். பனியில் சிக்கி இன்ஜினை ஓடவிட்டுக் காத்திருக்க நேர்ந்தால், முதல் வேலையாக இறங்கிப்போய்ப் புகைக்குழாயைச் சுற்றியுள்ள பனியை அகற்றுங்கள். குழாய் அடைபட்டால் கார்பன் மோனாக்சைடு வண்டிக்குள் வரும். அதற்கு வாசனை கிடையாது.

சொன்ன நேரத்துக்குப் போய்ச் சேர முடியாவிட்டால்?

போன் செய்யுங்கள். சிக்னல் இருக்கும் கடைசி இடத்தில் நின்று செய்யுங்கள். இதை இவ்வளவு அழுத்திச் சொல்ல என்னிடம் ஒரு காரணம் இருக்கிறது.

ஒரு வருடம், இருட்டுவதற்குள் வந்துவிடுவேன் என்று சொல்லியிருந்தேன். வழியில் பள்ளத்தாக்கைப் பார்த்து நின்றேன், ஒரு கடையில் உட்கார்ந்தேன், மூன்று மணி நேரம் போய்விட்டது. அறைதான் புக் ஆகியிருக்கிறதே, எப்போது போனால் என்ன என்ற நினைப்பு. கடைசி ஏற்றத்தில் எதிரே இரண்டு டார்ச் வெளிச்சம் தெரிந்தது. விடுதிக்காரரும் அவர் மகனும் மண்வெட்டியும் கயிறுமாக, ஒவ்வொரு வளைவிலும் பள்ளத்தை எட்டிப் பார்த்தபடி நடந்து இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். என்னைத்தான் தேடினார்கள். கோபமாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. வீட்டு அம்மா வாசலில் நின்று என் கையைப் பற்றி உள்ளே அழைத்துப் போனார். அந்தக் கை நடுங்கிக்கொண்டிருந்தது.

நீங்கள் வருகிறீர்கள் என்று சொன்ன கணத்திலிருந்து உங்களை அவர்கள் தங்கள் பொறுப்பாக எடுத்துக்கொள்கிறார்கள். தங்கியிருக்கும் நாட்களிலும் இதே விதிதான். நடக்கக் கிளம்பினால் எந்தப் பக்கம், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று ஒருவரிடமாவது சொல்லிவிட்டுப் போங்கள்.

இரவில் அறை குளிர்ந்துவிடுகிறதே?

பல விடுதிகளில் இரவு கொஞ்ச நேரம் சூட்டைக் குறைத்து விடியற்காலையில் மறுபடி ஏற்றுவார்கள். படுக்கும்போது போர்வைக்குள் கால்மாட்டில் ஒரு வெந்நீர்ப் பை வைத்துக்கொண்டால் அந்த இடைவெளி தெரியாது. கேட்டால் தருவார்கள், கூச்சப்படாமல் கேளுங்கள்.

விறகு பற்றி ஒரு விஷயம். பச்சை மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர். அது 20 சதவீதத்துக்குக் கீழே வந்தால்தான் விறகு புகையாமல் எரியும். அதற்கு ஒன்றிரண்டு வருடம் காய வேண்டும். இன்று நீங்கள் குளிர்காய்கிற விறகு, இந்தப் பயணம் உங்கள் மனதில் தோன்றுவதற்கும் முன்னால் யாரோ வெட்டி, பிளந்து, மழை படாமல் அடுக்கிக் காத்தது. இது தெரிந்த பிறகு, ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு ஹீட்டரைக் கூட்ட எனக்கு மனம் வந்ததில்லை. காற்று வேண்டுமென்றால் ஐந்து நிமிடம் ஜன்னலை முழுதாகத் திறந்து மூடிவிடுங்கள். நாள் முழுக்கச் சிறிதாகத் திறந்து வைத்தால் சுவரும் சேர்ந்து குளிர்ந்துவிடும்.

ஈரத்துணியை ஹீட்டர்மேல் போடாதீர்கள், தீப்பிடிக்கும். துணி காயவைக்க எங்கே இடம் என்று கேட்டால் காட்டுவார்கள்.

கரி அடுப்பையோ கேஸ் ஹீட்டரையோ மூடிய அறைக்குள் வைத்துக்கொண்டு ஒருநாளும் தூங்க வேண்டாம். ஒரே அறையில் படுத்த எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலைவலியும் குமட்டலும் வந்து, வெளியே போனதும் தெளிந்தால், அதைக் களைப்பு என்றோ உயரம் என்றோ தள்ளிவிடாதீர்கள். கார்பன் மோனாக்சைடாக இருக்கலாம். எல்லோரும் வெளியேறி, வீட்டாரை எழுப்புங்கள். மருத்துவ உதவியும் கேளுங்கள். நான் பெட்டியில் பேட்டரியில் இயங்கும் சின்ன கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றை எப்போதும் வைத்திருக்கிறேன்.

குழாயைச் சற்றுத் திறந்தே வைக்கச் சொல்கிறார்களே, தண்ணீர் வீணாகாதா?

தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் விரியும். இரும்புக் குழாயையே பிளந்துவிடும் விசை அது. ஓடுகிற தண்ணீர் அவ்வளவு எளிதில் உறையாது என்பதால், கடுங்குளிர் இரவுகளில் நூல் போல ஒழுகவிடச் சொல்வார்கள். சொன்னால் அப்படியே செய்யுங்கள். ஒரு குழாய் வெடித்தால் அந்த வீட்டின் பல நாள் வேலை, உங்கள் பக்கத்து அறைக்காரரின் குளியல், எல்லாம் போய்விடும்.

வெந்நீர் பெரும்பாலும் ஒரே தொட்டியிலிருந்து எல்லா அறைகளுக்கும் போகிறது. எல்லோரும் மாலை 6 மணிக்குப் பனியிலிருந்து திரும்பி ஒரே நேரத்தில் குளிக்கப் போனால் கடைசி ஆளுக்குப் பச்சைத் தண்ணீர்தான். மதியம் 3 மணிக்கோ இரவு உணவுக்குப் பிறகோ குளித்துப் பாருங்கள், தாராளமாக வரும்.

தலை வலிக்கிறது, தூக்கம் வரவில்லை. குளிர்தான் காரணமா?

விடுதி 2500 மீட்டருக்கு மேலே இருந்தால் உயரமாக இருக்கலாம். அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதைப்போல நான்கில் மூன்று பங்குதான். ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் அதே அளவுக்குக் குறையும். போய்ச் சேர்ந்து சில மணி நேரம் கழித்துத் தலைவலி, குமட்டல், பசியின்மை, விட்டுவிட்டு வரும் தூக்கம் என்று தொடங்கும். முதல் நாள் ஓய்வாக இருங்கள், மேலும் மேலே ஏற வேண்டாம், மது வேண்டாம். பெரும்பாலானவர்களுக்கு ஒன்றிரண்டு நாளில் சரியாகிவிடும்.

சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நடை தள்ளாடினாலோ, பேச்சு குழம்பினாலோ காத்திருக்கக் கூடாது. உடனே உயரம் குறைந்த இடத்துக்கு இறங்க வேண்டும், மருத்துவ உதவி தேட வேண்டும். இரவாக இருந்தாலும் வீட்டாரை எழுப்புங்கள். எழுப்பத் தயங்கிக் காலை வரை தாங்கிக்கொண்டவர்களின் நிலைதான் மோசமாகியிருக்கிறது. இதயம், நுரையீரல் கோளாறு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் கிளம்பும் முன்பே தங்கள் டாக்டரிடம் பேசிவிட வேண்டும்.

2500 மீட்டருக்குக் கீழே வரும் தலைவலிக்குப் பெரும்பாலும் தண்ணீர் குடிக்காததுதான் காரணம். குளிரில் தாகம் தெரியாது. சூடேற்றிய அறையின் காற்றும் மிக வறண்டது. உதடு வெடிக்கும், சிலருக்கு மூக்கில் ரத்தம்கூடக் கசியும். உதட்டுக்கு வாசலின், படுக்கைக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்க் வெந்நீர் போதும்.

சாப்பாட்டுக்கு என்ன செய்வது? நான் சைவம்.

புக் செய்யும்போதே சொல்லிவிடுங்கள். போய் இறங்கிய பிறகு சொன்னால் மிகவும் சங்கடப்படுவார்கள், ஏனென்றால் குளிர்காலத்தில் சரக்கு தினமும் வராது. அலர்ஜி இருந்தால் இன்னும் முன்னதாக, எழுத்தில் சொல்லுங்கள்.

சமையல் தாமதமானால் பொறுத்துக்கொள்ளுங்கள். 2500 மீட்டரில் தண்ணீர் ஏறக்குறைய 92 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொதிப்பது போலத் தெரிந்தாலும் பருப்பும் கிழங்கும் வேக நேரம் எடுக்கும். கேஸும் குளிரில் மக்கர் செய்யும். பியூட்டேன் பூச்சியம் டிகிரிக்குச் சற்றுக் கீழேயே ஆவியாவதை நிறுத்திவிடும். புரொப்பேன் மைனஸ் 42 வரை தாங்கும். அதனால்தான் உறைபனி ஊர்களில் சிலிண்டரில் என்ன நிரப்பியிருக்கிறது என்பது சமையலறைக்கு அவ்வளவு முக்கியம்.

மின்சாரம், போன், இணையம்?

மூன்றும் போகும், வரும். டார்ச், பவர் பேங்க், அச்சிட்ட டிக்கெட், கொஞ்சம் ரொக்கம் கையில் இருக்கட்டும்.

குளிரில் போன் பேட்டரி சட்டென்று இறங்கும். உள்பாக்கெட்டில், உடம்பை ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். சூடானதும் பெருமளவு திரும்ப வரும். ஆனால் உறைந்து கிடக்கும் போனை உடனே சார்ஜில் போட வேண்டாம். பூச்சியத்துக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் லித்தியம் பேட்டரி கெட்டுவிடும். கேமராவை வெளியிலேயே ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு மூடிவிட்டு உள்ளே கொண்டுவந்தால், நீர் கோத்து லென்ஸ் மங்காது.

பனிச்சறுக்கு தெரியாது. போய் என்ன செய்வேன்?

நானும் சறுக்கத் தெரியாமல்தான் முதல் மூன்று வருடம் போனேன். புதுப்பனி ஒலியை உறிஞ்சிக்கொள்ளும். இரவெல்லாம் பனி பெய்து ஓய்ந்த காலையில் வெளியே வந்து நின்றால், அந்த அமைதியை வேறெங்கும் கேட்டிருக்க மாட்டீர்கள். அதற்காக மட்டுமே போகலாம். அதோடு, பனியில் கால் புதையாமல் நடக்க உதவும் அகலமான காலணியை மாட்டிக்கொண்டு காட்டோரமாக நடக்கலாம், குழந்தைகளோடு சறுக்கு வண்டி விடலாம், கணப்புக்குப் பக்கத்தில் புத்தகம் படிக்கலாம். கற்றுக்கொள்ள ஆசையிருந்தால் முதல் நாள் பயிற்சியாளர் வைத்துக்கொள்ளுங்கள். நண்பர் சொல்லித் தருவதாகச் சொன்னால் நன்றி சொல்லி மறுத்துவிடுங்கள்.

குளிர் என்று வெயிலை அலட்சியம் செய்ய வேண்டாம். 1000 மீட்டருக்கு ஏறக்குறைய 10 சதவீதம் புற ஊதாக் கதிர் கூடும். புதுப்பனி அதில் 80 சதவீதம் வரை திருப்பி முகத்தில் அடிக்கும். மேகமூட்டத்திலும் சன்ஸ்கிரீனும் நல்ல கூலிங் கிளாஸும் வேண்டும். கண்ணாடி இல்லாமல் சுற்றினால் சில மணி நேரம் கழித்துக் கண்ணில் மணல் அரைப்பது போல எரியும், திறக்கவே முடியாது.

கூரையின் இறவாரத்தின் கீழே நிற்காதீர்கள், குழந்தைகளையும் விளையாட விடாதீர்கள். படத்துக்கு அழகாகத் தொங்கும் பனிக்கட்டி ஈட்டிகளும், கூரைப் பனி மொத்தமாகச் சரிவதும் ஆளைக் கொல்லக்கூடியவை.

பனிச்சரிவு பயமாக இருக்கிறது.

பயம் நியாயமானது. பலகை பலகையாகப் பெயர்ந்து வரும் ஆபத்தான பனிச்சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரி வரை சாய்ந்த சரிவுகளில்தான் கிளம்புகின்றன. கனமழை போலப் பனி கொட்டிய அடுத்த நாளிலும், காற்று பனியை அள்ளிக்கொண்டுவந்து ஒரு பக்கமாகக் குவித்த பிறகும், திடீரென்று வெயில் ஏறும்போதும் அபாயம் அதிகம். பல நாடுகளில் 1 முதல் 5 வரை எண்ணிட்டு எச்சரிக்கை அறிவிக்கிறார்கள். 3 என்றால் நடுத்தரம்தானே என்று எண்ணிவிடாதீர்கள். உயிர்ப்பலி வாங்கும் விபத்துகளில் பெரும்பங்கு அந்த 3 இல்தான் நடக்கிறது.

குறியிட்ட பாதையை விட்டு இறங்காதவருக்கு அபாயம் மிகக் குறைவு. பாதையை விட்டுப் போவதென்றால் வழிகாட்டி, சமிக்ஞைக் கருவி, துழாவும் கோல், மண்வெட்டி எல்லாம் வேண்டும், பயன்படுத்தவும் தெரிந்திருக்க வேண்டும். புதையுண்டவர் முதல் 10, 15 நிமிடத்துக்குள் தோண்டி எடுக்கப்பட்டால் பெரும்பாலும் பிழைக்கிறார். அதற்குப் பிறகு வாய்ப்பு சரசரவென்று இறங்குகிறது. மீட்புக் குழு கீழிருந்து வந்து சேர அந்த நேரம் போதாது. விடுதிக்காரர் "இன்று வேண்டாம்" என்றால் காரணம்கூடக் கேட்காமல் நான் ஷூவைக் கழற்றிவிடுவேன்.

குழந்தைகளையும் பெரியவர்களையும் அழைத்துப் போகலாமா?

போகலாம், இரண்டு கவனம் போதும். குழந்தைகள் விளையாட்டு மும்முரத்தில் குளிரைச் சொல்ல மாட்டார்கள். அரைமணிக்கு ஒரு தடவை கையுறையைக் கழற்றி விரலைத் தொட்டுப் பாருங்கள். தோல் வெளுத்து, மரத்துப்போய் இருந்தால் பனிக்கடியின் தொடக்கம். தேய்க்கக் கூடாது, பனியால் தேய்ப்பது கூடவே கூடாது, நெருப்புக்கு நேராகவும் காட்டக் கூடாது. உள்ளே அழைத்து வந்து 37 முதல் 39 டிகிரி வெதுவெதுப்பான தண்ணீரில் வையுங்கள். உணர்வு திரும்பாவிட்டாலோ கொப்புளம் வந்தாலோ டாக்டரிடம் போக வேண்டும்.

பெரியவர்களுக்குக் குளிரைவிட வழுக்கல்தான் எதிரி. ஷூவுக்கு அடியில் மாட்டும் பல் வைத்த பட்டை வாங்கிக் கொடுங்கள். கழிவறைக்குப் பக்கத்திலேயே, தரைத்தளத்தில் அறை கேளுங்கள்.

கொஞ்சம் மது குடித்தால் குளிர் தெரியாதாமே?

தெரியாது, ஏனென்றால் தோலின் ரத்தக்குழாய்கள் விரிந்து உடம்பின் உள்சூடு வெளியே போய்க்கொண்டிருக்கும். வெளியே போகும் முன் வேண்டாம்.

பாதை மூடி அங்கேயே மாட்டிக்கொண்டால்?

ஒன்றிரண்டு நாள் கூடுதலாக இருக்க நேரலாம். திரும்பும் விமானத்தையோ முக்கியமான வேலையையோ இறங்கும் நாளன்றே வைத்துக்கொள்ளாதீர்கள். தினமும் சாப்பிடும் மருந்தை நான்கைந்து நாளுக்குக் கூடுதலாக எடுத்துப் போங்கள். இந்தப் பதில் முழுவதிலும் மிக முக்கியமான வரி இதுதான்.

அந்த நாட்களில் வீட்டாருக்கு வேலை இரட்டிப்பாகும். போக வேண்டியவர்கள் போகவில்லை, பால் வரவில்லை, கூரையில் பனி ஏறிக்கொண்டே போகிறது. அப்போது வரவேற்பறையில் நின்று எப்போது பாதை திறக்கும் என்று மணிக்கொரு தரம் கேட்பதில் பயனில்லை, அவர்களுக்கும் தெரியாது. நான் மாட்டிக்கொண்ட ஒரு தடவை, விருந்தினர் நாலு பேர் மண்வெட்டி வாங்கி வாசற்படியைச் சுத்தம் செய்தோம். முதலில் வேண்டாம் என்று தடுத்தார்கள், பிறகு கையுறை எடுத்துக் கொடுத்தார்கள். அன்று இரவு எல்லோரும் ஒரே மேசையில் சாப்பிட்டோம். கூரைமேல் மட்டும் ஏறிவிடாதீர்கள், அது பழகியவர்களின் வேலை.

வீட்டாரோடு எப்படிப் பழகுவது?

பெயர் கேட்டு, பெயர் சொல்லிப் பேசுங்கள். அவர்கள் குடியிருக்கும் பகுதிக்குள் கூப்பிடாமல் போகாதீர்கள். அவர்கள் சாப்பிடும் நேரத்தில், வீடு தீப்பிடித்தாலொழிய, எதற்கும் எழுப்பாதீர்கள்; நாள் முழுக்க அவர்கள் உட்கார்வது அந்த அரைமணிதான். குறை இருந்தால் தங்கியிருக்கும்போதே நேரில் சொல்லுங்கள். பெரும்பாலும் அன்றைக்கே சரி செய்துவிடுவார்கள். வாய்திறக்காமல் வீட்டுக்குப் போய் இணையத்தில் எழுதுவது, சரி செய்யும் வாய்ப்பைக்கூட அவர்களுக்குத் தராமல் போவது.

கிளம்பும் நாளில் கவனிக்க வேண்டியது?

சீக்கிரம் எழுந்து வண்டியைப் பாருங்கள். பனி முழுவதையும், கூரைமேல் இருப்பதையும் சேர்த்து, வாரிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். இல்லாவிட்டால் முதல் பிரேக்கில் அது முன்கண்ணாடியில் சரிந்து மறைக்கும். உறைகுளிரில் ஹேண்ட்பிரேக் இறுகிவிடும் என்பதால் முந்தைய இரவே வண்டியைக் கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைத்து நிறுத்தியிருப்பது நல்லது. பனி அள்ளும் வண்டி இறங்கிப் போய்விட்டதா என்று வீட்டாரிடம் கேட்டுக்கொண்டு, அதன் பின்னால் போங்கள்.

கீழே முதல் ஊர் வந்ததும் "பத்திரமாக இறங்கிவிட்டோம்" என்று ஒரு செய்தி அனுப்பிவிடுங்கள். பாதை எப்படி இருந்தது, எந்த வளைவில் வழுக்குகிறது என்பதையும் அதிலேயே சேர்த்துச் சொல்லுங்கள். அன்று மாலை ஏறி வரப்போகிற விருந்தினருக்கு அவர்கள் போன் செய்து சொல்வார்கள்.